அவருக்கு வேர்க்காது

என் கணவருக்கு வேர்க்காது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொஞ்சம் பொடிப்பொடியாக அரும்பும், அத்தோடு சரி. ஆவணிப் புழுக்கத்தில் ஊரே நனைந்து கிடந்தாலும் கழுத்துக்குக் கீழே அவர் உடம்பு வறண்டுதான் இருக்கும். இதைக் கேட்டுவிட்டு, "குடுத்து வச்சவரு" என்று சொன்ன உறவுக்காரி ஒருத்தியோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், ஆற்றில் முதல் தண்ணீர் வந்த அன்று, அவர் எங்கள் ஊர் மதகுச் சுவரிலிருந்து தலைகீழாகக் குதித்தார். சின்ன வயதிலிருந்து வருஷந்தோறும் குதிக்கிற இடம்தான். அந்த வருஷம் அடியில் மணல் மேடிட்டிருந்தது. நுரையும் செத்தையுமாக வந்த புதுத் தண்ணீரில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தூக்கிக் கரையில் கிடத்தியபோது, "காலை எவனோ புடிச்சிருக்கான், விடச் சொல்லு" என்றாராம். யாரும் பிடித்திருக்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்து உள்ளே நரம்பு நசுங்கியிருந்தது.

அன்றிலிருந்து தலையைத் திருப்புவார், தோளைக் கொஞ்சம் தூக்குவார், பேசுவார். மற்றதெல்லாம் நான் செய்ய வேண்டும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உடம்பு சூடானா வேர்க்கணும்னு மூளை சொல்லும்மா. இவருக்கு அந்தச் சேதி கழுத்தோட நின்னுடுது. ரூம் சூடானா இவரும் சேந்து சூடாவாரு. அவருக்கே அது சரியாத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்."

அப்படித்தான் எங்கள் வீட்டுத் தெற்கு அறைக்கு ஏசி வந்தது. வயலுக்கு நடுவில் இருக்கிற ஓட்டு வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் தளம் போட்டு, அதில் ஏசி மாட்டியதைப் பார்த்து ஊரில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மாத்திரை டப்பாவைப் பார்த்து யாராவது சொகுசு என்பார்களா?

அந்த அறையில் நான் நம்புவது ரிமோட்டில் தெரியும் எண்ணை அல்ல. அலமாரியில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் இருக்கும். அவர் முதுகுக்கும் குதிகாலுக்கும் தடவுவதற்கு. அறை சரியாகக் குளிர்ந்திருந்தால் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும், ஸ்பூனால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உறைந்திருந்தால் எனக்கு மனசு நிம்மதி. போகிற போக்கில் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போவது எனக்குச் சாமி கும்பிடுவது மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் ஆவணியில் ஏசிக்கு சர்வீஸ் செய்ய வேண்டியிருந்தது. திருவையாற்றில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான், நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. உள்ளே இருக்கும் பெட்டியைக் கழுவினார், ஃபில்டரை அலசினார். வெளியே, வீட்டின் பின்சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த அவுட்டோர் யூனிட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். தாங்கியிருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது.

"எப்ப வேணா விழுந்துடும்க்கா. இப்பத்திக்கு எறக்கித் தரையில வச்சுடறேன். புதுச் சட்டம் அடிச்சுட்டு வந்து மேல ஏத்திக்குவோம்" என்றார்.

சன்ஷேடுக்குக் கீழே இரண்டு சிமெண்ட் கல்லைப் போட்டு அதன்மேல் அதை உட்கார வைத்தார். அன்று சாயங்காலம் அறை அப்படிக் குளிர்ந்தது. என் கணவர் தாடை வரைக்கும் போர்வை கேட்டார். எண்ணெய் கல்லாகிவிட்டது. மெக்கானிக்கை மனசுக்குள் வாழ்த்தினேன்.

மறுநாள் காலையிலேயே புழுக்கம் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி பெய்த மழையின் ஈரத்தை வெயில் கிளப்பிவிட்டிருந்தது. நான் அவருக்கு உடம்பு துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, இட்லி ஊட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர என் மாமனார் மட்டும்தான். மகள் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மாமனார் காலையிலிருந்து வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிக்கொண்டிருந்த சமயம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, மறுநாள் சாயங்காலம் நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. அவர் கவலை அவருக்கு.

குழம்பு கொதிக்கிற நேரத்தில் தெற்கு அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்க வேண்டிய குளிர் அடிக்கவில்லை. முதலில் எனக்கு உறைக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்ததால் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவரைத் திருப்பிப் போட்டு முதுகுக்கு எண்ணெய் தடவலாம் என்று பாட்டிலை எடுத்துச் சாய்த்தேன். எண்ணெய் உள்ளங்கையில் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது.

அவர் முதுகில் கை வைத்தேன். சுட்டது. வெயிலில் காய்ந்த வேட்டியைத் தொட்டால் சுடுமே, அந்தச் சூடு. தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தேன். நூறைத் தாண்டியிருந்தது.

"என்ன செய்யுது? தலை வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார். "குளுருதே."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் உடம்பு சுட்டால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அறைச் சூடு. இன்னொன்று, மூத்திரக் குழாய் வழியாக உள்ளே போகிற கிருமி. அந்த இரண்டாவது ஒருமுறை வந்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவரைக் குழாய்களோடு படுக்க வைத்து, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் திட்டித் தீர்த்திருக்கிறேன். கிருமியாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், ஏசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஆளே போய்விடுவார். அறைச் சூடாக இருந்தால், உச்சி வெயிலில் காரில் தூக்கிப் போட்டுக் குண்டும் குழியுமான ரோட்டில் கொண்டுபோவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகிவிடும். எதுவென்று எப்படித் தெரியும்? இரண்டிலும் உடம்பு ஒரே மாதிரிதான் சுடும். ஏசி கெட்ட அதே நாளில் கிருமியும் வரக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எடுத்ததும் நாதஸ்வரச் சத்தம்தான் முதலில் கேட்டது. முத்துப்பேட்டைப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லவில்லை, கத்தினேன்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததை நோண்டிக் கெடுத்துட்டுப் போயிட்டீங்களே தம்பி! இங்க ஆளு கொதிக்கிறாரு!"

பாவம், அவர் பந்தலை விட்டு வெளியே ஓடிவந்து பேசினார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ரிமோட்டில் பனிப்பூ அடையாளம் தெரிகிறதா, இல்லை வெறும் ஃபேனில் மாறிக் கிடக்கிறதா? பனிப்பூதான் தெரிந்தது. மூடியைத் தூக்கி ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தது. காற்று வருகிறதா? வந்தது. குளிர்ந்த காற்றா? இல்லை, சும்மா காற்று. ஸ்டெபிலைசரில் கரண்ட் எவ்வளவு காட்டுகிறது? பகலில் எல்லா மோட்டாரும் ஓடுகிற நேரம், குறைந்துதான் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். எனக்கும் அதுதான் காரணமாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆனால் சரியாகவே காட்டியது.

"அப்ப வெளி யூனிட்டப் பாக்கணும்க்கா. ஃபேன் சுத்துதா, சூடு காத்து வருதான்னு போயிப் பாருங்க."

நான் எழுந்தேன். கட்டிலிலிருந்து என் கணவர், "நீ போவாத. அப்பா பாக்கட்டும்" என்றார்.

அதுவும் சரிதான். நான் அவர் கைகால்களில் ஈரத் துண்டைச் சுற்றி மாற்றிக்கொண்டிருந்தேன். மாமனாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து வாசல்படியில் நின்றே சொன்னார். "சுத்துதும்மா. காத்து நல்லா சூடா வருது." ஒரு குறையும் இல்லை என்பது போலத்தான் சொன்னார்.

அதை அப்படியே போனில் சொன்னேன். மெக்கானிக் குரல் இறங்கிப் போய், "சூடு வருதுன்னா கம்ப்ரசர் ஓடுதுக்கா. அப்ப கேஸ்தான் கொறைஞ்சிருக்கும். எறக்கி வச்சேன்ல, பைப்புல எங்கயாச்சும் லீக்காயிருக்கலாம். நாளைக்குக் காலையில மொத வேலையா வந்து ஏத்திடறேன்" என்றார்.

"நாளைக்குக் காலையிலயா?" என்று கேட்டேன். அப்படியே போனை வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு மெக்கானிக்குகளுக்குப் போன் போட்டேன். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் சாயங்காலம் பார்க்கலாம் என்றார். டேபிள் ஃபேனைக் கட்டிலுக்கு நேரே வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எல்லாவற்றையும் எடுத்து அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணியில் சுற்றி வைத்தேன். வைத்த இடம் தெரியாமல் அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஐஸ் வைத்தால் சிலிர்க்காத உடம்பைப் பார்க்கிற கொடுமையை யாருக்கும் விளக்க முடியாது.

அவர் முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. உதடு காய்ந்தது. தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன். "மணி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார். பிறகு, "நாத்தங்கால்ல தண்ணி நிக்குதான்னு அப்பாவக் கேளு" என்றார்.

"இப்ப நாத்தங்கால் ஒண்ணுதான் கேடு!" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் இல்லை. பயம் வந்தால் எனக்கு வாயில் கோபமாகத்தான் வரும். என் அம்மாவுக்கும் அப்படித்தான்.

மறுபடி தெர்மாமீட்டர் வைத்தேன். இன்னும் ஏறியிருந்தது. கண்ணை மூடினார் என்றால் உடனே தோளைத் தட்டினேன். பேச்சு கொடுத்தேன். பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரமாக ஆரம்பித்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் தவறாமல் வந்தது. அந்தப் பதில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நன்றாக இல்லாதவர் நன்றாக இருக்கிறது என்கிறார் என்றால் மூளைக்குச் சூடு ஏறிவிட்டதா? போன முறை கண்ணாடிக் கதவுக்குள்ளே போவதற்கு முன்னாலும் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசினார். மகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் அவள் பஸ்ஸில் அழுதுகொண்டே வருவாள். சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்?

அந்த நினைப்பு வந்ததும் முடிவெடுத்துவிட்டேன். பக்கத்து ஊர்க் கார்க்காரரைக் கூப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்றார். ஆஸ்பத்திரிப் பையில் அவருடைய பழைய சீட்டுகள், டியூப், பஞ்சு, வேட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் திணித்தேன். அவசரத்தில் ஜிப் மாட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டேன்.

கார் வருவதற்குள் மெக்கானிக் தானாகவே கூப்பிட்டார். அந்த ஆளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "அக்கா, வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். பாதிப் பந்தியில எந்திரிச்சு வந்துக்கிட்டிருக்கேன். நேத்து கேஸ் செக் பண்ணித்தான் வச்சேன், ஒரே நாள்ல அப்படிக் கொறையாது. அந்த யூனிட்டு முன்னாடி எதாச்சும் மறைச்சிருக்கா? நீங்களே ஒருதடவை போயிப் பாத்துருங்களேன்."

நான் துண்டைக் கீழே வைத்தேன். "நீ போவாத" என்றார் என் கணவர். "இங்கயே இரு. என்னை விட்டுட்டுப் போவாத."

அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. பயந்துவிட்டார், அவருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இருந்தாலும் போனேன். மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக் கொல்லைக்கு ஓடினேன்.

சன்ஷேடுக்குக் கீழே அவுட்டோர் யூனிட் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு குவியல் இருந்தது. யூனிட்டின் முன்பக்கக் கம்பிக்கு எதிரே இரண்டு விதைநெல் சாக்கு மூட்டைகளை நெருக்கி நிறுத்தி, அவற்றின்மேல் ஈரச் சாக்கையும் வாழை இலையையும் மூடி, காற்று ஒரு பக்கமும் வெளியே போய்விடாமல் யூனிட்டையும் மூட்டைகளையும் சேர்த்துப் படுதாவைப் போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்திருந்தது. ஏசித் தண்ணீர் சொட்டுகிற குழாயை இழுத்து மூட்டையின்மேல் சொட்டுகிற மாதிரி கட்டிவிட்டிருந்தது. நேர்த்தியான வேலை. உள்ளே அந்த மிஷின் தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் சத்தம் கேட்கவில்லை, ஃபேன் மட்டும் உறுமியது.

ஊறவைத்த நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோலுக்குள் புதைத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கதகதப்பில் முளை வரும். முளை வந்தால்தான் நாற்றங்காலில் தெளிக்க முடியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருஷம் வைக்கோல் இல்லை. அறுவடை மிஷின் அறுத்ததைக் கட்டுக்கட்டாக அப்போதே விற்றுவிட்டோம். மழை ஈரத்தில் நெல் முளைக்காமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

கல்லைத் தள்ளிப் படுதாவைக் கிழிக்காத குறையாக இழுத்தேன். உள்ளிருந்து வந்த காற்று முகத்தைப் பொசுக்கியது. மூட்டையை என்னால் தூக்க முடியவில்லை, காலால் உதைத்துச் சாய்த்தேன். சத்தம் கேட்டு நாற்றங்காலிலிருந்து மாமனார் முழங்கால் சேற்றோடு ஓடிவந்தார்.

"ஏம்மா! வெதைம்மா அது! வெதைய உதைக்கிறியே!"

"உங்க புள்ளை செத்துக்கிட்டிருக்காரு மாமா! இதை வச்சு அடைச்சா உள்ள எப்படிக் குளுரும்? நான் போயிப் பாருங்கன்னு சொன்னப்ப வாயத் தொறந்து இதைச் சொல்லக் கூடாதா?"

அவர் மூட்டையையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபேன் சுத்துதான்னு கேட்ட, சுத்துச்சு. சூடு வருதான்னு கேட்ட, வந்துச்சு" என்றார். வெளியே வருகிற சூட்டுக்கும் உள்ளே இருக்கிற குளிருக்கும் உறவு இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அடுப்புக்குப் பின்னால் ஒரு பானையை ஒட்டி வைத்தால் அடுப்பில் வேகிற சோறு கெட்டுப்போகுமா என்ன? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது.

"நானா வைக்கலம்மா. காலைல அவன்தான் கூப்பிட்டுச் சொன்னான். மிஷின் கீழ எறங்கியிருக்காமே, வெளிய வர்ற சூடு வீணாத்தானே போவுது, வெதைய அங்க வைங்கன்னான்."

நான் உள்ளே வந்தேன். ஏசியை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி போட்டேன். பின்பக்கம் கம்ப்ரசர் உறுமிக்கொண்டு பிடித்தது. கட்டிலோரத்தில் உட்கார்ந்தேன். கார்க்காரர் வந்து வாசலில் ஹாரன் அடித்தார். மாமனாரை விட்டு அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். அறை குளிரும்போது என் கணவர் உடம்புச் சூடும் கூடவே இறங்கினால் அறைச் சூடு. அறை குளிர்ந்தும் உடம்பு இறங்கவில்லை என்றால் கிருமி, கிளம்ப வேண்டியதுதான். அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது இருந்த பயம் ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்து காத்திருந்தேனே, அந்தப் பயம்தான் பயம்.

"தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காலைல தெரியாது. மத்தியானம் நீ ஸ்டூல்ல ஏறி ஃபில்டரப் பாத்தப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"சொன்னா நீ மூட்டைய எடுத்துடுவ." உதட்டை நக்கிக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலத்தோட தண்ணி நிறுத்திடுவான். இன்னைக்கு மொளை வரலைன்னா இந்தச் சம்பா இல்ல. இந்த வீட்டுல நான் சொல்லி ஒரு வயக்காட்டு வேலை நடந்து எத்தனை வருஷமாச்சு? அப்பா இன்னைக்கு மறுபேச்சு பேசாம கேட்டாருடி. கொஞ்சம் சூடுதானே, இருட்டுற வரைக்கும் தாங்கிக்கலாம்னு நெனச்சேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

அப்போதுதான் எனக்குக் குளிர் எடுத்தது. அறை இன்னும் குளிரவில்லை, ஆனாலும் முதுகெல்லாம் சில்லிட்டுப் போனது. மதகிலிருந்து குதித்தபோது அடியில் மணல் இருப்பது அவருக்குத் தெரியாது. இது தெரிந்தே குதித்தது. "என்னை விட்டுட்டுப் போவாத" என்று அவர் கெஞ்சியது பயந்து அல்ல, நான் கொல்லைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இத்தனை வருஷமாக நான் அறையைக் காவல் காத்தேன், மிஷினைக் காத்தேன், கரண்டைக் காத்தேன். உள்ளே படுத்திருக்கிற ஆளிடமிருந்தே அவரைக் காக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

திட்டவில்லை. அழுதேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், அது அவருக்குத் தெரிந்திருக்காது. "அழுவாத" என்றார். "பெரிய தப்புதான்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "மூட்டை கொட்டிடுச்சா?" என்று கேட்டார். அடிக்கலாம் போல இருந்தது.

வெப்பம் மெல்ல இறங்கியது. முதல் முறை பார்த்தபோது நம்பாமல் தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்தேன். இறங்கியிருந்தது. அறையோடு சேர்ந்து அவரும் ஆறிக்கொண்டிருந்தார். கார்க்காரருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினோம். வெயில் சாய்கிற நேரத்தில் மெக்கானிக் கல்யாணச் சட்டையோடு வந்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, மிஷினில் பழுதில்லை என்றார். மத்தியானம் போனில் கத்தியதற்கு என்னை மன்னிக்கச் சொன்னேன். "வெதை நெல்லா!" என்று அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எண்ணெய் பாட்டிலில் அடியோரம் வெண்மை பூத்திருந்தது.

மாமனார் கூடத்தில் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். மிஷினை ஒட்டி இருந்த பக்கத்து நெல் வெந்துபோய்ப் புளித்த வாடை அடித்தது. நடுவிலும் அந்தப் பக்கமும் இருந்ததில், ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. வெந்ததை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நாற்றங்காலுக்குப் பாதிக்குத்தான் காணும். "பாதியாவது வந்துச்சே" என்றார் அவர். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு அறைக்குப் போனேன். அவருக்குக் கையில் கொடுத்தால் தெரியாது. கன்னத்தில் வைத்து அழுத்தினேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "குத்துது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"இனிமே சூடா இருந்தா சொல்லணும். எம்மேல சத்தியம் பண்ணுங்க."

"சொல்றேன்" என்றார். சத்தியம் பண்ணவில்லை.

மறுநாள் தண்ணீர் நிற்பதற்குள் தெளித்துவிட்டார்கள். இப்போது அவுட்டோர் யூனிட் புதுச் சட்டத்தில், சுவரில், யாருக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. வயல் வேலை எதுவானாலும் மாமனார் கட்டிலருகே வந்து கேட்டுவிட்டுத்தான் போகிறார். அதற்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். கேட்கவில்லை என்றால் சாப்பாடு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். அதனால் என் கணவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது, எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அந்தப் பயம் போகவில்லை. முன்பெல்லாம் மிஷின் நின்றுவிடுமோ என்று பயப்படுவேன். இப்போது கதவைத் திறந்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். "நல்லாத்தான் இருக்கு, குளுருது" என்கிறார். நான் சரி என்று தலையாட்டிக்கொண்டே போய், எண்ணெய் பாட்டிலை எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறேன்.